கையில 40 இருக்கு, ஆர்டர் மட்டும் ஏன் பேக்ஆர்டர்? (ஓடூ 17, ரெண்டு குடோன்)

ரேக்_7

மோட்டார் பம்ப் ஸ்பேர்ஸ் ஹோல்சேல். மெயின் குடோன் கோவை, சின்னது ஒண்ணு திருப்பூர்ல. டேலில இருந்து ஓடூ 17 கம்யூனிட்டி எடிஷனுக்கு (ஸ்டாக், ஆர்டர், பில் எல்லாம் ஒண்ணா பாக்கற சாஃப்ட்வேர்) மாறி மூணு மாசம் ஆகுது. ரேக்ல சரக்கு கண்ணு முன்னாடி இருக்கு, சிஸ்டம் பேக்ஆர்டர் (பின்னாடி அனுப்பற மீதி) போடுது. மாதிரிக்கு நாலு ஐட்டம்:

6203 பேரிங். ப்ராடக்ட் பக்கத்துல ஆன் ஹேண்ட் 40. 15-க்கு ஆர்டர் கன்ஃபர்ம் பண்ணினா டெலிவரில 4 தான் ஏறுது. வேலிடேட் (அனுப்பியாச்சுன்னு முடிக்கற பட்டன்) அழுத்தினா பேக்ஆர்டர் போடவான்னு கேக்குது. ஆமான்னா மீதி 11 தனி டெலிவரியா நிக்கும்.

12 மி.மீ. மெக்கானிக்கல் சீல். ஆன் ஹேண்ட் 60, ஆர்டர் 20. ஒண்ணுகூட ஏறல. ஸ்டேட்டஸ் 'வெயிட்டிங் அனதர் ஆபரேஷன்'. 'செக் அவைலபிலிட்டி' எத்தனை தடவை அழுத்தினாலும் அதேதான்.

25 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். காலைல டெலிவரி 'ரெடி'. சாயங்காலம் பேக் பண்ணப் போனா 'வெயிட்டிங்'. நடுவுல அந்த டெலிவரிய யாரும் திறக்கல.

ரிப்பேர் கிட் (பேரிங் 2, சீல் 1, ஓ-ரிங் 2, கேஸ்கட் 1). 10 கிட் ஆர்டர். பேரிங், சீல், கேஸ்கட் மூணும் பார்ட்டிக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. ஆனா சேல்ஸ் ஆர்டர்ல டெலிவர்டு 0-ன்னு நிக்குது.

எங்க தப்பு? ஆர்டருக்குன்னு சரக்கை ஒதுக்கற இந்த ரிசர்வேஷன் சமாச்சாரத்தையே மொத்தமா ஆஃப் பண்ணிடலாமா?

---

மூவ்லைன்

ஆஃப் செய்யும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான்கு ஐட்டத்துக்கும் நோய் வேறு வேறு. ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று தேறும், மூன்று கெடும்.

முதலில் 'பேக்ஆர்டர்' என்ற சொல். நெட்சூட் போன்ற மென்பொருள்களில் விற்பனை ஆர்டரின் ஒவ்வொரு வரியிலும் 'கமிட்டட்', 'பேக்ஆர்டர்டு' என்று இரண்டு எண்கள் நிற்கும். சரக்கு ஒதுக்க முடியாத அளவு அந்த நொடியே பேக்ஆர்டர் ஆகிவிடும். ஓடூ அப்படி அல்ல. சரக்கு போதாத டெலிவரி வெறும் 'வெயிட்டிங்' அல்லது பாதி ஒதுக்கிய நிலையில் காத்திருக்கும். கேட்டதைவிடக் குறைந்த எண்ணிக்கையோடு ஒருவர் வேலிடேட் அழுத்தும்போதுதான் பேக்ஆர்டர் என்ற தனி ஆவணம் பிறக்கும். அதாவது ஓடூவில் பேக்ஆர்டர் போடுவது சிஸ்டம் அல்ல, வேலிடேட் அழுத்தும் கை. அந்தக் கைக்கு ஏன் 4 மட்டும் கிடைத்தது என்பதுதான் நாம் தேட வேண்டிய விஷயம்.

டேலியிலிருந்து வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. டேலியில் சேல்ஸ் ஆர்டர் வவுச்சர் ஸ்டாக்கைத் தொடாது. 40 இருந்தால் யார் முதலில் பில் போடுகிறாரோ அவருக்கு. ஓடூவில் ஆர்டர் கன்ஃபர்ம் ஆனதுமே டெலிவரி உருவாகி, முதலமைப்பு மாற்றப்படாமல் இருந்தால் உடனே சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று வாரம் கழித்து அனுப்ப வேண்டிய ஆர்டராக இருந்தாலும் சரி. கொட்டேஷன் நிலையில் இருப்பது மட்டும் எதையும் பிடிக்காது.

அடுத்தது, ப்ராடக்ட் பக்கத்தில் தெரியும் ஆன் ஹேண்ட் என்பது கம்பெனியின் எல்லா உள் இடங்களிலும் கிடப்பதன் கூட்டல். கோவை, திருப்பூர், ரேக்கில் அடுக்காமல் வாசலில் கிடக்கும் பெட்டி எல்லாம் அதில் சேரும். டெலிவரியோ ஆர்டரில் குறித்த குடோனின் 'ஸ்டாக்' என்ற இடத்திலும் அதற்குள் இருக்கும் ரேக்குகளிலும் மட்டும்தான் தேடும்.

பேரிங்குக்கு இதைச் செய்து எண்களைப் போடுங்கள். இன்வென்டரி, ரிப்போர்ட்டிங், லொகேஷன்ஸ் போய் 6203-ஐ வடிகட்டி, இடவாரியாக எவ்வளவு கிடக்கிறது, அதில் எவ்வளவு ரிசர்வ் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு ப்ராடக்ட் பக்கத்தின் மேலே இருக்கும் 'ஃபோர்காஸ்டட்' பொத்தான். எந்த ஆர்டர் எந்தச் சரக்கைப் பிடித்திருக்கிறது, எது வரப்போகும் பர்ச்சேஸை நம்பி நிற்கிறது என்று வரிவரியாகக் காட்டும்.

---

ரேக்_7

பாத்துட்டேன்.

கோவை ஸ்டாக் 22, அதுல இந்த 15 ஆர்டர் பிடிச்ச 4 போக ரிசர்வ் 18. கோவை இன்புட் 8. திருப்பூர் ஸ்டாக் 10. மொத்தம் 40.

அந்த 18-ஐப் பிடிச்சிருக்கறது ஒரே பார்ட்டியோட ஆர்டர். 28-ஆம் தேதிதான் லாரில ஏத்தணும். இன்புட்ல 8 ஏன் கிடக்குன்னு புரியல. அந்தச் சரக்கு ரேக்ல அடுக்கியாச்சு, நானே பாத்தேன். சப்ளையர்ட்ட 50 ஆர்டர்ல இருக்கு, 20-ஆம் தேதி வரும்னு போட்டிருக்கு.

---

மூவ்லைன்

கணக்கு இப்போது நேராகிவிட்டது. 22-இல் 18 போக 4. டெலிவரியில் ஏறியதும் 4. சிஸ்டம் பொய் சொல்லவில்லை.

இன்புட்டில் கிடக்கும் 8: உங்கள் கோவை குடோனில் சரக்கு வரவு இரண்டு படி என்று அமைத்திருக்கிறார்கள். முதல் படி, சப்ளையரிடமிருந்து இன்புட்டுக்கு. இரண்டாவது, இன்புட்டிலிருந்து ஸ்டாக்குக்கு ஓர் இன்டர்னல் டிரான்ஸ்ஃபர். பையன்கள் பெட்டியைக் கையால் நகர்த்திவிட்டார்கள், திரையில் நகர்த்தவில்லை. இன்டர்னல் டிரான்ஸ்ஃபர்ஸ் பட்டியலில் 'ரெடி' நிலையில் அது இன்னமும் காத்திருக்கும். வேலிடேட் செய்ததும் 8-ம் ஸ்டாக்குக்கு வந்துவிடும். வந்த கையோடு காத்திருக்கும் டெலிவரிகளுக்கு ஓடூ தானாகவே ஒதுக்கும். சரக்கு வந்ததும் தரம் பார்த்து, எண்ணி, பிறகுதான் அடுக்குவோம் என்ற பழக்கம் உங்களிடம் இல்லையென்றால் குடோன் அமைப்பில் வரவை ஒரே படியாக மாற்றிவிடுங்கள். இரண்டு பேர் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு படி வீண் சுமை. மாற்றுமுன் இன்புட்டில் கிடப்பதை எல்லாம் காலி செய்துவிடுங்கள்.

28-ஆம் தேதி ஆர்டர்: அந்த டெலிவரியைத் திறந்து 'அன்ரிசர்வ்'. கையோடு 15-க்கான டெலிவரியில் 'செக் அவைலபிலிட்டி'. இரண்டுக்கும் நடுவே டீ குடிக்கப் போகாதீர்கள். தினம் ஒருமுறை ஓடும் ஷெட்யூலர், ஒதுக்கும் தேதி வந்துவிட்ட டெலிவரிகளுக்குத் தானாக மறுபடி சரக்கைக் கொடுத்துவிடும். 15 போனால் ஸ்டாக்கில் 7. இன்புட்டின் 8 சேர்ந்தால் 15. பெரிய ஆர்டருக்கு 3 குறையும், 20-ஆம் தேதி வரும் 50-இல் அது சரியாகிவிடும். பேக்ஆர்டர் தேவையே இல்லாமல் இரண்டு ஆர்டரும் முழுசாகப் போகும்.

4-ஐ அனுப்பி 11-க்குப் பேக்ஆர்டர் போட்டுவிட்டாலும் இதே வழிதான். அந்த டெலிவரியில் 'செக் அவைலபிலிட்டி' அழுத்தினால் ஏறிவிடும்.

இனிமேல் வராமல் இருக்க: இன்வென்டரி, கான்ஃபிகரேஷன், ஆபரேஷன்ஸ் டைப்ஸ், அதில் டெலிவரி ஆர்டர்ஸ். 'ரிசர்வேஷன் மெத்தட்' என்ற இடத்தில் மூன்று தேர்வு உண்டு: கன்ஃபர்ம் ஆனதும், கையால், குறித்த தேதிக்கு இத்தனை நாள் முன். மூன்றாவதைத் தேர்ந்து 3 நாள் என்று போடுங்கள். 28-ஆம் தேதி ஆர்டர் 25 வரை எதையும் பிடிக்காது. நட்சத்திரம் போட்ட அவசர டெலிவரிகளுக்குத் தனியாக வேறு நாள் கணக்கும் கொடுக்கலாம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலபேர் விழுவது. விற்பனை ஆர்டரில் 'அதர் இன்ஃபோ' பக்கத்தில் டெலிவரி தேதியைப் போடாவிட்டால், ஆர்டர் நாளோடு ப்ராடக்டில் உள்ள 'கஸ்டமர் லீட் டைம்' மட்டும் கூட்டித் தேதி உருவாகும். லீட் டைம் பூஜ்யம் என்றால் தேதி இன்றைக்கே. பிறகு '3 நாள் முன்' என்பதற்கு அர்த்தமே இல்லை, பழையபடி உடனே பிடித்துக்கொள்ளும். சேல்ஸ் ஆட்கள் தேதி போடப் பழகாமல் இந்த அமைப்பை மாற்றிப் பிரயோஜனம் கிடையாது. மாற்றத்துக்கு முன்பே ஒதுக்கியிருந்த டெலிவரிகள் பிடித்ததை விடாது. பட்டியலில் அவற்றைத் தேர்ந்து ஆக்‌ஷன் மெனுவில் அன்ரிசர்வ் செய்து, ஒவ்வொன்றின் தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள்.

---

ரூட்_பாரு

சீல் கதை வேற. 60 கிடந்தும் ஒன்றுகூட ஏறாமல் 'வெயிட்டிங் அனதர் ஆபரேஷன்' வந்தால் இரண்டே காரணம். ஒன்று, டெலிவரியே பல படியாக, எடுத்தல், பேக்கிங், அனுப்புதல் என்று போகிறது; முதல் படி முடியவில்லை. உங்கள் பேரிங் நேராகப் போகிறதே, ஆகவே இது இல்லை. இரண்டாவது, அந்த ப்ராடக்டில் 'ரீப்ளெனிஷ் ஆன் ஆர்டர்', அதாவது எம்டிஓ ரூட் டிக் ஆகியிருக்கிறது. ப்ராடக்டின் இன்வென்டரி பக்கத்திலும் பாருங்கள், அதன் கேட்டகிரியிலும் பாருங்கள். கேட்டகிரியில் போட்டால் அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். இந்த ரூட் ஆரம்பத்தில் ஆர்க்கைவில்தான் இருக்கும், அமைத்துக் கொடுத்தவர் யாரோ எடுத்து வெளியே வைத்திருக்கிறார்.

எம்டிஓ என்றால் ஆர்டருக்கென்றே தனிக் கொள்முதல். அந்த டெலிவரி தனக்கென்று போட்ட பர்ச்சேஸிலிருந்து வரும் சரக்கைத் தவிர வேறெதையும் தொடாது. ரேக்கில் 60 அல்ல, 600 இருந்தாலும் கணக்கில் வராது. இதில் அடிக்கடி நடப்பது: சிஸ்டம் தானாக ஒரு பர்ச்சேஸ் டிராஃப்ட் போட்டு வைத்திருக்கும். பர்ச்சேஸ் பார்ப்பவர் அதைக் கவனிக்காமல் தனியாகப் புதிதாக ஒன்று போட்டுச் சரக்கை வரவழைப்பார். வந்த சரக்கு பொது ஸ்டாக்கில் சேரும். இந்த டெலிவரி தன் பங்குக்காக என்றைக்கும் நிற்கும். உங்கள் 60 அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

சரிசெய்ய: விற்பனை ஆர்டரின் மேலே பர்ச்சேஸ் பொத்தான் தெரியும். அதன் வழியே இணைந்த பர்ச்சேஸுக்குப் போய், சரக்கு இன்னும் வரவாகவில்லை என்றால் அதை ரத்து செய்யுங்கள். ரூலில் 'கேன்சல் நெக்ஸ்ட் மூவ்' டிக் இல்லாதவரை டெலிவரி ரத்தாகாது, சாதாரண ஸ்டாக் டெலிவரியாக மாறும். அதன் பிறகு செக் அவைலபிலிட்டி வேலை செய்யும். டிக் இருந்தால் டெலிவரியும் சேர்ந்து போய்விடும், அதனால் முதலில் அதைப் பாருங்கள். ப்ராடக்டிலிருந்து எம்டிஓவை எடுப்பது இனி வரும் ஆர்டர்களுக்கு மட்டும்தான், பழையதைக் காப்பாற்றாது.

சிலர் நடுவழியாக ரூலில் 'ஸ்டாக்கிலிருந்து எடு, இல்லையென்றால் அடுத்த ரூல்' என்ற தேர்வைப் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் ஓடூ 17 வரை அது முழுசாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கும். 20 கேட்டு 19 இருந்தால், 19-ஐ எடுத்து 1 வாங்காது. 20-க்கும் கொள்முதல் போட்டுவிடும். ஓடும் சரக்குக்கு இது வேண்டாம். மினிமம், மேக்ஸிமம் வைத்த ரீஆர்டரிங் ரூல் போதும். எம்டிஓ என்பது கேட்டால் மட்டும் வரவழைக்கும் அபூர்வ மாடல் இம்பெல்லர் போன்றவற்றுக்கு.

---

கல்லா_எண்_2

கபாசிட்டர் பத்தி. உங்ககிட்ட கவுண்டர் சேல் இருக்கா? இருந்தா இதைப் படிங்க.

ஓடூல ரிசர்வ்ங்கறது பூட்டு இல்ல, கயிறு கட்டி வச்ச மாதிரிதான். வேற ஒருத்தர் அதே இடத்துல இருந்து ஒதுக்காம மிச்சம் இருக்கறதைவிட அதிகமா எடுத்து முடிச்சா, ஓடூ அவரைத் தடுக்காது. ஏற்கெனவே கட்டி வச்சிருக்கற இன்னொரு டெலிவரில இருந்து அவிழ்த்து இவருக்குக் கொடுத்துடும். பெரும்பாலும் தேதி பின்னாடி இருக்கற டெலிவரிதான் முதல்ல இழக்கும். எந்த அறிவிப்பும் பளிச்னு வராது, 'ரெடி' சத்தமில்லாம 'வெயிட்டிங்' ஆயிடும்.

இதைச் செய்யறது மூணு பேர். ஒண்ணு, பிஓஎஸ் கவுண்டர் (கடைல நேரா பில் போடற திரை). அதுல ஸ்டாக்கைக் கழிக்கறது செஷன் மூடும்போதுன்னு வச்சிருந்தா பகல் பூரா வித்தது சாயங்காலம் ஒரே மூச்சா கழியும். உங்களுக்குக் காலைல ரெடி, சாயங்காலம் வெயிட்டிங்னு ஆனது இதோட அப்படியே பொருந்துது. அமைப்புல உடனுக்குடன் கழிக்கற மாதிரி மாத்தலாம், பில் போடறது கொஞ்சம் மெதுவாகும். ரெண்டு, ஸ்டாக் எண்ணி எண்ணிக்கையைக் குறைச்சு அப்ளை பண்றது. மூணு, டெலிவரில இருக்கறதைவிட அதிகமா கையால எண்ணை ஏத்தி வேலிடேட் பண்றது.

யார்னு கண்டுபிடிக்க: ரிப்போர்ட்டிங்ல மூவ்ஸ் ஹிஸ்டரி. கபாசிட்டரை மட்டும் வடிகட்டி, 'டன்' ஆனது மட்டும், அன்னிக்குத் தேதி. எங்க இருந்து எங்க போச்சுங்கற பத்தியப் பாருங்க. கஸ்டமருக்குப் போயிருந்தா ரெஃபரன்ஸ்ல பிஓஎஸ்ஸா சாதா டெலிவரியான்னு தெரியும். இன்வென்டரி அட்ஜஸ்ட்மென்ட் இடத்துக்குப் போயிருந்தா எண்ணினவர் வேலை.

கவுண்டருக்கு நிரந்தரத் தீர்வு வேணும்னா ஸ்டாக்குக்கு வெளில கவுண்டருக்குன்னு தனி லொகேஷன். தினம் காலைல அங்க ஒரு இன்டர்னல் டிரான்ஸ்ஃபர். கவுண்டர் அங்க இருந்து மட்டும் கழிக்கணும். வேலை கூடும், ஆனா பார்ட்டிக்கு எடுத்து வச்சது கல்லாவுல விக்காது.

---

ரேக்_7

கவுண்டர் இருக்கு சார், செஷன் மூடும்போதுதான் கழியுது. மூவ்ஸ் ஹிஸ்டரில அன்னிக்குச் சாயங்காலம் 14 கபாசிட்டர் ஒரே தடவையா போயிருக்கு. அதான் விஷயம்.

சீல்லயும் எம்டிஓ டிக் இருந்துச்சு, 'சீல்ஸ்'ங்கற கேட்டகிரிலயே. பர்ச்சேஸ்ல டிராஃப்ட்டா ஒண்ணு தூங்குது. கேன்சல் நெக்ஸ்ட் மூவ் டிக் இல்ல. டிராஃப்ட்ட ரத்து பண்ணினதும் 20-ம் ஏறிடுச்சு.

அப்படியே இன்னொரு சந்தேகம். சில ஐட்டத்துல கோவை ஸ்டாக்ல மைனஸ் 12-னு ஒரு வரி, ஸ்டாக்குக்குள்ள ரேக் ஏ-ல பிளஸ் 30-னு ஒரு வரி. ரேக்ல 30 இருக்கு, ஆனா 18-க்கு மேல ஏற மாட்டேங்குது.

---

மூவ்லைன்

ரேக்கைக் குறிக்காமல் பொதுவான ஸ்டாக் இடத்திலிருந்து 12 டெலிவரி ஆகியிருக்கிறது. ஓடூ இல்லாத இடத்திலிருந்தும் எடுக்க விடும், மைனஸ் போட்டுவிடும். ஒதுக்கும்போது ஸ்டாக்கையும் அதற்குள் உள்ள ரேக்கையும் கூட்டிப் பார்ப்பதால் 30-இல் 12 போக 18.

இப்போது ரேக்கில் உண்மையாகவே எத்தனை என்று கையால் எண்ணுங்கள். 18 என்றால், அந்த 12 ரேக்கிலிருந்துதான் போயிருக்கிறது: ரேக் ஏ-ஐ 18 ஆக்கி, மைனஸ் வரியை 0 ஆக்குங்கள். 30 என்றால், அந்த 12 எங்கேயோ இரண்டு தடவை கழிந்திருக்கிறது அல்லது வரவே பதியாமல் வந்த சரக்கு. பர்ச்சேஸ் வரவுப் பட்டியலில் 'ரெடி'யில் நிற்கும் ரசீது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கையைத் திருத்த வேண்டும். முதலில் திருத்திவிட்டு, பிறகு அந்த ரசீதையும் வேலிடேட் செய்தால் இருப்பு 12 கூடிக் காட்டும். பிறகு வரும் ஆர்டர் எல்லாம் 'ரெடி' காட்டும், ரேக்கில் சரக்கு இருக்காது. பேக்ஆர்டரைவிட மோசமான நிலை அது.

ஒற்றை எண்ணிக்கையும் பெட்டியும் கலந்து விற்கிறீர்கள் என்றால் இன்னொன்று. விற்பனை வரியில் பேக்கேஜிங் குறித்து, ப்ராடக்ட் கேட்டகிரியில் 'முழுப் பேக்கேஜிங் மட்டும் ரிசர்வ்' என்று வைத்திருந்தால், 24 கொண்ட பெட்டி இரண்டு கேட்கும் ஆர்டருக்கு ஸ்டாக்கில் 40 இருந்தும் 24 தான் ஏறும். இது தப்பல்ல, கேட்டதைச் செய்கிறது. பெட்டியைப் பிரித்தும் அனுப்புவீர்கள் என்றால் 'பார்ஷியல்' என்று மாற்றுங்கள்.

---

ரூட்_பாரு

கிட் விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள். கிட் வகை பிஓஎம் (உதிரிப் பட்டியல்) என்றால் டெலிவரியில் கிட் என்ற பொருளே இருக்காது, உதிரிகள்தான் இருக்கும். முழுக் கிட் எத்தனை போனது என்பதை உதிரிகளில் மிகக் குறைவாகப் போனதை வைத்துத்தான் கணக்கிடும். ஓ-ரிங் 20-இல் ஒன்றும் போகவில்லை, ஆகவே டெலிவர்டு 0. இரண்டு ஓ-ரிங் போனால் 1 ஆகும். ஒரு ரூபாய்ச் சாமானுக்காக முழு ஆர்டர் பெண்டிங் நிற்கிறது என்று தெரிந்தால் ஓ-ரிங்குக்கு மினிமம் 500 என்று வைக்கக் கை கூசாது.

கிட் போகும் ஆர்டர்களில் 'ஷிப்பிங் பாலிசி'யை 'எல்லாம் தயாரான பிறகு' என்று வையுங்கள். 'முடிந்தவரை சீக்கிரம்' என்றால் ஓர் உதிரி கிடைத்தாலே டெலிவரி 'ரெடி' என்று காட்டும், பையன்கள் வேலிடேட் அழுத்துவார்கள், ஓ-ரிங் பேக்ஆர்டருக்குப் போகும்.

ரிசர்வேஷனை ஆஃப் செய்யலாமா என்று கேட்டீர்கள். 'கையால்' என்ற தேர்வு கிட்டத்தட்ட அதுதான். ஒரு நாளைக்குப் பத்து டெலிவரி, முடிவெடுக்க ஒரே ஆள் என்றால் அது நல்ல வழி என்றே சொல்வேன்.

---

மூவ்லைன்

பத்துக்குச் சரி. அறுபது டெலிவரி போகும் நாளில் ஒவ்வொன்றையும் திறந்து செக் அவைலபிலிட்டி அழுத்த ஆள் வேண்டும். அழுத்த மறந்த டெலிவரியில் ஒன்றும் ஏறாது, எவ்வளவு சரக்கு இருந்தாலும் வெயிட்டிங். தேதி வழி ஒதுக்கீடே எனக்குச் சரியாகப் படுகிறது.

---

வரவு_செலவு

ஒரு விஷயம், பில் பக்கம். அந்தப் பாப்-அப்பில் 'நோ பேக்ஆர்டர்' அழுத்தினால் மீதி அளவு ரத்தாகிவிடும். 15 கேட்டவருக்கு 4 போய் 11 மறைந்துவிடும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். பார்ட்டி போன் செய்யும்போதுதான் தெரியும். ஆபரேஷன்ஸ் டைப்பில் 'கிரியேட் பேக்ஆர்டர்' என்ற இடத்தில் 'ஆஸ்க்' என்று இருப்பதை 'ஆல்வேஸ்' ஆக்கினால் பாப்-அப்பே வராது, மீதி தானாகப் பேக்ஆர்டர் ஆகும். உண்மையாகவே வேண்டாம் என்றால் பிறகு அந்தப் பேக்ஆர்டரைத் தனியாக ரத்து செய்யலாம்.

ப்ராடக்டில் இன்வாய்சிங் பாலிசி 'டெலிவர்டு குவான்டிட்டி' என்று இருக்கட்டும். 'ஆர்டர்டு' என்று இருந்தால் முதல் லாரியில் 4 போகும்போதே 15-க்கும் பில் போடத் தோன்றும். பிறகு 11 போகும்போது அதற்கென்று பில் இருக்காது, வழியில் மடக்கினால் காட்ட ஒன்றுமில்லை. ஜிஎஸ்டியில் சரக்கு வெளியேறும் முன் அல்லது வெளியேறும்போது அதற்கான பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதி அனுப்பும் தனிச் சரக்கு என்பதால் இ-வே பில்லும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், வெளி மாநிலத்துக்கு 50,000-க்கு மேல்.

---

ரேக்_7

'நோ பேக்ஆர்டர்' பசங்க நிறைய அழுத்தியிருக்காங்க. ஆல்வேஸ் மாத்திட்டேன்.

கடைசியா ஒண்ணு. ரீஆர்டரிங் ரூல் எல்லாத்துக்கும் போட்டு வச்சிருக்கேன். ஓ-ரிங்குக்கும் மினிமம் 200 இருக்கு. இருந்தும் ஸ்டாக் 0 ஆகுற வரை புது பர்ச்சேஸ் எதுவும் வரல. ரூல் ஓடுதா இல்லையா?

---

மூவ்லைன்

ஓடுகிறது. பர்ச்சேஸில் டிராஃப்ட் ஆர்எஃப்க்யூக்களை (சப்ளையரிடம் விலை கேட்கும் ஆவணங்கள்) தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். இருப்பு மினிமத்துக்குக் கீழே போனதும் ரூல் ஓர் ஆர்எஃப்க்யூ போட்டுவிட்டு, டிராஃப்டில் இருக்கும் அந்த அளவையும் வரப்போவதாகவே எண்ணிக்கொள்ளும். யாரும் அதை கன்ஃபர்ம் செய்யாவிட்டாலும் மறுபடி போடாது. ப்ராடக்ட் பக்கத்தின் ஃபோர்காஸ்டட் எண்ணிலோ டிராஃப்ட் சேராது. அதனால்தான் ஒரு பக்கம் பூஜ்யம் காட்டும், இன்னொரு பக்கம் ரூல் சும்மா இருக்கும்.

---

ரேக்_7

பதினேழு டிராஃப்ட் இருக்கு. ஓ-ரிங் அஞ்சு வாரம் பழசு.

---

மூவ்லைன்

அப்படியே எல்லாவற்றையும் கன்ஃபர்ம் அழுத்திவிடாதீர்கள். ஐந்து வாரத்தில் விலையும் தேவையும் மாறியிருக்கும், 'எக்ஸ்பெக்டட் அரைவல்' தேதியும் கடந்து போயிருக்கும். கடந்த தேதியோடு கன்ஃபர்ம் செய்தால் சரக்கு ஏற்கெனவே வந்திருக்க வேண்டியதாகக் கணக்காகி ஃபோர்காஸ்ட் தேதிகள் எல்லாம் கோணலாகும். ஒவ்வொன்றிலும் சப்ளையர் சொல்லும் தேதியைப் போட்டுவிட்டு கன்ஃபர்ம். வேண்டாததை ரத்து செய்தால் அடுத்த ஷெட்யூலர் ஓட்டத்தில் ரூல் இன்றைய இருப்பை வைத்துப் புதிதாகப் போடும்.

மினிமம் எண்ணையும் சப்ளையர் நாளோடு பொருத்துங்கள். தினம் 40 ஓ-ரிங் போகிறது, சப்ளையருக்கு 9 நாள், கைக்காவலாக 3 நாள் என்றால் 12 பெருக்கல் 40, மினிமம் 480. உங்கள் 200 என்பது ஐந்தே நாள் சரக்கு. டிராஃப்டை அன்றைக்கே கன்ஃபர்ம் செய்தாலும் நான்கு நாள் ரேக் காலிதான்.